பச்சையா, கருநீலமா? சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தின் கணக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை கருநீலமாகத் தெரியும். கோமுகி அணைப் பக்கம் வந்து மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் அதே மலை பச்சையாகிவிடும். மலை நிறம் மாறிவிடவில்லை. பார்க்கிற கண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த காற்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சூரிய ஒளியின் நீலப் பகுதியைக் காற்றில் உள்ள மிக நுண்ணிய துகள்கள் சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும் என்று 1871இல் கணக்கிட்டுக் காட்டினார், பின்னாளில் ராலே பிரபு எனப்பட்ட ஜான் ஸ்ட்ரட். தொலைவில் இருக்கும் இருண்ட காட்டின் முன்னால் அந்தச் சிதறிய நீலம் படிவதால்தான் மலை நீலமாகிறது. கிட்டே போனால் இலையின் வேலை தெரிகிறது: பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு, பச்சையில் ஒரு பகுதியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. இந்த இரண்டு நிறங்களையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கத்து மக்கள் புது வீட்டுக்குப் பெயிண்ட் வாங்கப் போகும்போது பச்சையா, கருநீலமா என்று யோசிப்பது இயல்பு.

இந்தக் கேள்விக்கு முன்பு மலையில் அவ்வளவு இடம் இருந்ததில்லை. மண் சுவரும் புல் கூரையுமாக இருந்த வீட்டில் மண்ணின் நிறமே சுவரின் நிறம். இப்போது காங்கிரீட் வீடுகள் வந்துவிட்டன. தமிழ்நாடு அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அதாவது பத்துக்குப் பத்து அளவில் ஒன்றிரண்டு அறைகள், அறைக்கு ஒரு ஜன்னல். இப்படிப்பட்ட சிறிய வீட்டில் சுவரின் நிறம் வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் நிற்கும், மேற்குச் சுவர் எவ்வளவு சூடேறும், மழைக்காலம் முடிந்ததும் சுவர் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அதுதான் பாதி தீர்மானிக்கிறது. பச்சையா நீலமா என்று கேட்பதற்கு முன் வெளிறியதா அடர்ந்ததா என்று கேட்க வேண்டும் என்பது என் வாதம். அப்படிக் கேட்டால் கரியாலூரில் ஒரு சிறிய வீட்டின் உட்சுவருக்கும், வெயில்படும் வெளிச்சுவருக்கும் இளம்பச்சையே சரியான விடை. கருநீலத்துக்கும் அந்த வீட்டில் இடம் உண்டு. ஆனால் அது வேறு இடம்.

முதலில் கண்ணைப் பற்றி. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் கூர்மையான உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. அது மஞ்சள் கலந்த பச்சை. அங்கிருந்து நீலத்தை நோக்கிப் போகப் போக உணர்திறன் விரைவாகச் சரிகிறது. தொலைக்காட்சித் திரைகளுக்கான தரநிர்ணயத்தில் இதையே எண்களாகப் பார்க்கலாம். வெள்ளை நிறம் காட்டும்போது அதன் பிரகாசத்தில் ஏறக்குறைய 72 விழுக்காடு பச்சைப் புள்ளியிலிருந்தும் 21 விழுக்காடு சிவப்பிலிருந்தும் வருகிறது. நீலத்தின் பங்கு 7 விழுக்காடுதான். எனவே ஒரு சுவர் பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பினால், நிறமாகவும் இருக்கலாம், வெளிச்சமாகவும் இருக்கலாம். நீலத்தை மட்டும் திருப்பி அனுப்பும் சுவருக்கு அந்த வசதி இல்லை. நீலம் எவ்வளவு ஆழமாகிறதோ அவ்வளவுக்கு அது இருட்டை நெருங்குகிறது. பெயிண்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் அது எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று அளந்து வைத்திருக்கின்றன. நல்ல வெள்ளைச் சுவர் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பும். இளம்பச்சை 55 முதல் 65 வரை. கருநீலம் 10 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது.

இந்த வித்தியாசம் அறைக்குள் வந்ததும் இன்னும் பெரிதாகிறது. ஜன்னல் வழியாக வரும் ஒளி ஒரு சுவரில் பட்டு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. அடுத்த சுவருக்குப் போகிறது, அங்கிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து தரைக்கு. ஒவ்வொரு முறை படும்போதும் ஒரு பங்கு காணாமல் போகிறது, மீதி தொடர்கிறது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்கூரை வெள்ளை, 80 விழுக்காடு. தரை சிமென்ட் அல்லது ரெட் ஆக்சைடு, சுமார் 30 விழுக்காடு. கதவுக்கும் ஜன்னலுக்கும் 40 சதுர அடி போக மீதிச் சுவர் 360 சதுர அடி. சுவர் 60 விழுக்காடு திருப்பும் இளம்பச்சையாக இருந்தால் அறையின் சராசரி 55 விழுக்காடு வரும். 8 விழுக்காடு திருப்பும் கருநீலமாக இருந்தால் சராசரி 24க்கு இறங்கிவிடும். திரும்பத் திரும்பப் பட்டு வரும் ஒளியை எல்லாம் கூட்டிப் பார்த்தால், பச்சை அறையில் உள்ளே வந்த ஒளி 2.2 மடங்காகப் பெருகியிருக்கும். கருநீல அறையில் 1.3 மடங்குதான். அதிலும் சுவர்களில் பட்டுத் திரும்பிய ஒளியை மட்டும் தனியே எடுத்தால் பச்சை அறையில் இருப்பது நீல அறையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. கூரை, தரை, ஜன்னல் எதையும் மாற்றவில்லை. மாறியது சுவரின் நிறம் ஒன்றுதான்.

அந்த நான்கு மடங்கு எங்கே தெரியும் என்றால், ஜன்னலுக்கு நேராக இல்லாத மூலையில். வானம் நேரடியாகத் தெரியாத இடத்துக்கு வரும் வெளிச்சம் முழுவதும் சுவர்கள் கைமாற்றித் தரும் வெளிச்சம்தான். பிள்ளை பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவதும், அடுப்பு மேடை இருப்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட மூலைகளில். மலையில் மேகம் இறங்கும் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. விளக்குப் போட்ட பிறகும் கணக்கு மாறுவதில்லை. பச்சை அறையில் 9 வாட் எல்இடி பல்பு தரும் பிரகாசத்தைக் கருநீல அறையில் பெற ஏறக்குறைய 15 வாட் தேவைப்படும். பல்பின் நிறமும் கைகொடுப்பதில்லை. மஞ்சள் சாயலுள்ள வார்ம் ஒயிட் பல்பின் ஒளியில் நீலம் குறைவு. திருப்பி அனுப்ப நீலமே வராதபோது கருநீலச் சுவர் கறுப்பாகத்தான் தெரியும். கடையில் பளிச்சென்ற வெள்ளை ட்யூப்லைட்டுக்குக் கீழே பார்த்து மயங்கிய நிறம் வீட்டில் இரவு ஏழு மணிக்குக் கிடைக்காமல் போவதன் காரணம் இதுதான்.

ஷேடு கார்டை நம்பி வாங்கியவர்கள் சுவரில் அடித்தபின் நிறம் கூடிவிட்டது என்று பெயிண்டரிடம் கோபித்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். பெரும்பாலும் பெயிண்டர் மீது தவறில்லை. கார்டில் இருக்கும் துண்டில் ஒளி ஒரு முறை பட்டுக் கண்ணுக்கு வருகிறது. அறையில் நாலு பக்கமும் அதே நிறம். பச்சையை 70 விழுக்காடும் சிவப்பை 50 விழுக்காடும் திருப்பும் ஒரு இளம்பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பட்டுத் திரும்பும்போது இரண்டுக்கும் விகிதம் ஏழுக்கு ஐந்து. இரண்டாவது முறையும் பட்டால் நாற்பத்தொன்பதுக்கு இருபத்தைந்து, அதாவது ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நிறம் அடர்கிறது. கரியாலூரில் இன்னொன்றும் சேரும். ஜன்னலுக்கு வெளியே மரமும் செடியும் இருந்தால் உள்ளே வரும் ஒளியிலேயே ஒரு பச்சைச் சாயல் இருக்கும். ஆகவே கார்டில் மனதுக்குப் பிடித்த பச்சையைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதை எடுத்தால்தான், நினைத்த பச்சை சுவரில் வந்து நிற்கும்.

வெளிச்சுவருக்கு வருவோம். இங்கே பிரச்சினை வெளிச்சம் இல்லை, வெப்பம். தரைக்கு வந்துசேரும் சூரிய ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்கும் சற்றுக் குறைவு. பாதிக்கும் மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மீதிச் சிறு பங்கு புற ஊதா. சாதாரணக் கருநீலப் பெயிண்ட் இந்த மொத்த ஆற்றலில் 80 முதல் 90 விழுக்காட்டை உறிஞ்சிக்கொள்ளும். இளம்பச்சை 40 முதல் 50 விழுக்காடு. ஏப்ரல் மாதப் பிற்பகலில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் வரை வெயில் விழலாம். கருநீலம் 85, பச்சை 45 என்று வைத்தால் கருநீலச் சுவர் சதுர மீட்டருக்கு 240 வாட் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. காற்று மெல்ல வீசும்போது சுவர்ப்பரப்பு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 20 வாட் வெளியே விடும் என்பது கட்டடப் பொறியாளர்கள் வழக்கமாக எடுக்கும் அளவு. அதன்படி கருநீலச் சுவரின் மேற்பரப்பு பச்சைச் சுவரைவிடப் பன்னிரண்டு டிகிரி வரை கூடுதலாகச் சூடேறும். கை வைத்தால் இந்த வித்தியாசம் தெரியும். வெயில் மணிக்கணக்கில் நிலைத்தால் அந்தக் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி அறைக்குள் வரும். நூறு சதுர அடிச் சுவருக்கு அது 220 வாட்டை எட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் நூறு வாட் வெப்பம் விடுகிறது. ஆக, அழைக்காமலே இரண்டு பேர் கூடுதலாக அந்த அறையில் வந்து உட்கார்ந்ததற்குச் சமம்.

கூரைதானே அதிகம் சூடாகிறது, சுவரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நடுப்பகலில் சமதளக் கூரையில் விழும் வெயில் எந்தச் சுவரில் விழுவதைவிடவும் அதிகம். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்பதே முதல் வேலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சுவருக்கு எப்படியும் ஏதோ ஒரு நிறம் அடிக்கத்தான் போகிறோம். வெளிறியதை அடிப்பதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. இன்னும் சொன்னால், செலவு குறைவு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று மலையிலிருந்தே வரும். கல்வராயன் மலை 2000 அடியிலிருந்து 3000 அடிக்கு மேலும் உயர்ந்தது. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில், அடிவாரத்தைவிட மேலே நான்கைந்து டிகிரி குளிர்ச்சி. மார்கழி, தை மாத இரவுகளில் கம்பளி இல்லாமல் முடியாது. அப்படியானால் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கருநீலம்தானே நல்லது? இதில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதி இது: அடர்ந்த நிறம் பகலில் வெப்பத்தை அதிகம் வாங்கும், ஆனால் இரவில் வைத்துக்கொள்ளாது. இரவில் சுவர் வெப்பத்தை இழப்பது நீண்ட அலைநீள அகச்சிவப்புக் கதிராக. அந்த அலைநீளத்தில் வெள்ளைப் பெயிண்ட், பச்சைப் பெயிண்ட், கருநீலப் பெயிண்ட் எல்லாம் ஒன்றுதான். எல்லாமே 90 விழுக்காட்டுத் திறனோடு வெப்பத்தை வெளியே விடும். குளிரைத் தடுக்க நிறத்தால் முடியாது. சுவரின் தடிமனும், கதவு ஜன்னல்களின் இடைவெளியை அடைப்பதும்தான் அதற்கு வழி. சரியான பாதி, பகலில் வாங்கிய வெப்பம் தடித்த சுவரைக் கடந்து உள்ளே வர ஆறேழு மணி நேரம் ஆகும் என்பது. பிற்பகல் வெயில் இரவில்தான் அறைக்குள் வந்துசேரும். குளிர்காலத்தில் மட்டும் வெயில் படும் சுவர் ஒன்று இருந்தால், அதைக் கருநீலமாக்குவது லாபம்.

அப்படி ஒரு சுவர் இருக்கிறது. கரியாலூர் இருப்பது வட அகலாங்கு 11.8 டிகிரியை ஒட்டி. ஏப்ரல் மூன்றாம் வாரம் முடியும்போது நடுப்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகலில் அது வடக்குப் பக்கம் இருக்கும். அந்த மாதங்களில் தெற்குச் சுவர் நடுப்பகல் வெயிலைப் பார்ப்பதே இல்லை. வடக்குச் சுவருக்கும் பெரிய பாதிப்பு இல்லை. ஜூன் 21 அன்று சூரியன் 78 டிகிரி உயரத்தில் நிற்பதால், இரண்டடி சன்ஷேடு நடுப்பகலில் ஒன்பது அடிக்கு மேல் நிழல் தரும். டிசம்பரில் நிலைமை தலைகீழ். நடுப்பகல் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்துக்குத் தாழ்ந்துவிடும். அதே இரண்டடி சன்ஷேடின் நிழல் மூன்றடியைக்கூட எட்டாது. கீழே முழுச் சுவரும் வெயிலில் காயும். கோடையில் ஒதுங்கி, குளிரில் முன்வரும் சுவர் தெற்குச் சுவர். மலையில் வெளிப்புறத்தில் கருநீலம் அடித்தே தீர வேண்டும் என்று ஆசைப்படுபவர் தெற்குச் சுவரில் அடிக்கலாம். அறிவியல் அதற்கு ஆதரவாகவே நிற்கும். கிழக்கிலும் மேற்கிலும் வேண்டாம். ஆண்டு முழுவதும் சாய்ந்த வெயில் நேராகத் தாக்கும் சுவர்கள் அவை. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் வீடு கட்டுபவருக்குத் தெற்குச் சுவர் விலக்கும் கிடையாது. அங்கே குளிரைச் சமாளிக்கும் தேவையே இல்லை.

இனி டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். இன்று கடைகளில் கிடைக்கும் நீலத்துக்கும் பச்சைக்கும் பெரும்பாலும் தாய் ஒன்றே. 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலையில் வெள்ளைப் பொருள் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த கலனின் உட்பூச்சு விரிசல் விட்டது. உள்ளிருந்த இரும்போடு அந்தப் பொருள் வினைபுரிந்து எதிர்பாராமல் ஒரு நீலப் படிவு உண்டானது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, செம்பு அணுவை நடுவில் கொண்ட தாலோசயனின் நீலம் 1935இல் விற்பனைக்கு வந்தது. அதே மூலக்கூறின் விளிம்பில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துவிட்டுக் குளோரின் அணுக்களை வைத்தால் அது பச்சையாகிவிடும். இரண்டுமே வெயிலுக்கு எளிதில் வெளுக்காதவை. அப்படியானால் வெப்பத்தில் ஏன் அவ்வளவு வேறுபாடு? கருநீலத்தை ஆழமாக்குவதற்காகச் சேர்க்கப்படும் கரும்புகைக் கரிதான் காரணம். தாலோசயனின் நீலம் அகச்சிவப்பைத் தன் வழியே விட்டுவிடும். கரியோ கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தெரியாததையும் சேர்த்து விழுங்கும். இளம்பச்சையில் கரி அநேகமாக இல்லை. அதன் இடத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி இருக்கிறது. அதற்கு மூலப்பொருளான இல்மனைட் மணலை நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே பிரித்தெடுக்கிறார்கள்.

ஆழ்ந்த நீலம் சூடாகத்தான் இருக்க வேண்டும் என்று இயற்கை விதி எதுவும் இல்லை. 2009இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் படித்த மாஸ் சுப்பிரமணியனின் ஆய்வுக்குழு மின்னணுவியலுக்கான பொருள்களைத் தேடும்போது இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளால் ஆன புதிய நீலம் ஒன்றைக் கண்டது. கண்ணுக்கு ஆழமான நீலம், அகச்சிவப்பை மட்டும் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். கூரையில் அடிக்க ஏற்றது. ஆனால் இண்டியத்தின் விலை அதைச் சாதாரண வீட்டுச் சுவருக்கு எட்டாததாக வைத்திருக்கிறது. பச்சையில் இந்தக் குணம் மலிவாகவே கிடைக்கிறது. குரோமியம் ஆக்சைடு பச்சை என்ற பழைய நிறமி அகச்சிவப்பை நன்றாகத் திருப்பும். இலையும் தன்மேல் விழும் அகச்சிவப்பில் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் ராணுவத்தினர் இலைகளோடு இலையாகத் தெரிய அந்த வகை நிறமிகளைப் பயன்படுத்துகிறார்கள். பச்சை என்பதாலேயே சுவர் குளிர்ந்துவிடாது. அடர்பச்சையும் கரி கலந்ததாக இருந்தால் கருநீலம் அளவுக்கே சூடேறும். வெளிறிய நீலம் இளம்பச்சைக்கு இணையாகவே நடந்துகொள்ளும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

செலவுக் கணக்கும் பராமரிப்பும் இதே பக்கம்தான் சாய்கின்றன. டின்டிங் மெஷினில் வெளிறிய நிறங்களை வெள்ளை பேஸில் கலக்கிறார்கள். கருநீலத்துக்கு டைட்டானியம் மிகக் குறைந்த டீப் பேஸ். அடியில் இருப்பதை மறைப்பது முக்கியமாக டைட்டானியத்தின் வேலை என்பதால், இளம்பச்சை இரண்டு கோட்டில் மூடும் இடத்தில் கருநீலம் மூன்றாவது கோட் கேட்கும். பட்டி பார்த்ததில் இருக்கும் மேடு பள்ளமும் பிரஷ் ஓட்டமும் அடர்ந்த நிறத்தில் அப்பட்டமாகத் தெரியும். மழை முடிந்ததும் ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூக்கும். கருநீலத்தின் மேல் அந்த வெள்ளைத் திட்டு பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். இளம்பச்சையில் கிட்டே போனால்தான் தெரியும். நிழல் பக்கச் சுவரில் பாசி படர்ந்தாலும் அப்படியே. வெயிலில் கொதித்துத் திடீர் மழையில் குளிரும் சுவரில் மயிரிழை விரிசல்கள் வருவதும் அடர்நிறத்தில் அதிகம். பச்சைக்கும் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பல பச்சைகள் மஞ்சள் நிறமி கலந்து வருபவை. மலிவான கரிம மஞ்சள் வெயிலில் முதலில் வெளுத்துவிடும், பச்சை மெல்ல நீலச் சாயலுக்குப் போகும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடும் என்பதால் மலையில் இது இன்னும் முக்கியம். வெளிச்சுவருக்கு இரும்பு ஆக்சைடு மஞ்சள் கலந்த பச்சையாகக் கேட்டு வாங்குங்கள். துருவின் இனமான அந்த மஞ்சளை வெயில் ஒன்றும் செய்யாது.

புதுப் பூச்சில் அவசரம் கூடாது. ஈர சிமென்ட் கடுமையான காரத்தன்மை உள்ளது; குறைந்தது 28 நாள் ஆறவிட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்த பிறகே நிறம். காரத்துக்கு எல்லா நீலமும் ஒன்றுபோல் நிற்பதில்லை. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் மஞ்சள் சாயல் தெரியாமலிருக்க நம் ஊர்களில் காலம்காலமாகச் சிறிது நீலம் கலப்பார்கள். அதற்கு ஏற்ற அல்ட்ராமரைன் நீலம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பிரஷ்ய நீலத்தை அதில் கலந்தால் சிதைந்து பழுப்பேறிவிடும்.

மனத்தின் கணக்கு என்னாவது என்று சிலர் கேட்பார்கள். பச்சை அமைதி தரும், நீலம் தூக்கம் தரும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பச்சைக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படுவது 1984இல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேர் செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் பார்த்தது மரத்தை, பச்சைப் பெயிண்டை அல்ல. கரியாலூரில் மரம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அதை மறைக்காமல் ஜன்னல் வைப்பது எந்தப் பெயிண்டைவிடவும் மேல். நீலம் தூக்கத்தைக் கெடுக்கும் என்ற எதிர்ப்பேச்சும் சுவருக்குப் பொருந்தாது. கண்ணில் உடல் கடிகாரத்தை இயக்கும் செல்கள் 480 நானோமீட்டர் நீல ஒளிக்கு அதிகம் இணங்குபவை என்பது உண்மை. ஆனால் கருநீலச் சுவர் ஒளியை உண்டாக்குவதில்லை. விளக்கிலிருந்து வரும் நீலத்திலும் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. தூக்கத்தைக் கெடுப்பது கையில் இருக்கும் போனும் தலைக்கு மேல் எரியும் விளக்கும்தான். படுக்கை அறையில் இருட்டு வேண்டும் என்று விரும்புபவர், கட்டில் தலைமாட்டுச் சுவர் ஒன்றை மட்டும் கருநீலமாக்கினால் பெரிய நஷ்டமில்லை. அந்த ஒரு சுவர் ஜன்னல் இருக்கும் சுவராக மட்டும் இருக்கக் கூடாது. பளிச்சென்ற ஜன்னலைச் சுற்றி இருட்டுச் சுவர் இருந்தால் கண் கூசும்.

அழகு என்று ஒன்று இருக்கிறதே என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பிடித்த நிறத்தைச் சுவரில் பார்க்கும் மகிழ்ச்சியை எந்த அளவுகோலாலும் கழித்துவிட முடியாது. இளம்பச்சைச் சுவரில் கதவு, ஜன்னல் சட்டம், திண்ணைத் தூண், அடிச்சுவர்ப் பட்டை ஆகியவற்றுக்குக் கருநீலம் கொடுத்தால் அந்த நீலம் நான்கு சுவரும் நீலமாக இருக்கும் வீட்டில் தெரிவதைவிட ஆழமாகத் தெரியும். வெளிறிய நிறத்தின் பக்கத்தில் அடர்ந்த நிறம் இன்னும் அடர்வதை 1839இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் விரிவாக எழுதிவைத்துவிட்டார். பரப்பு சிறியது என்பதால் வெளிச்சமும் போகாது, வெப்பமும் ஏறாது.

கதவுக்கு எனாமல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அந்த விவரமும், தயாரித்தவர் முகவரியும் இல்லாததை வாங்காதீர்கள். அதற்கு முன் அடித்த பழைய பச்சை எனாமலில் ஈயக் குரோமேட் மஞ்சள் இருந்திருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்ப வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, குழந்தைகளைத் தள்ளி வைத்து, வழித்ததைத் துடைத்த துணியோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

நிறத்தை முடிவு செய்வதற்கு முன், நினைத்திருக்கும் பச்சைகளில் இரண்டையும் கருநீலத்தையும் சிறிய டப்பாக்களில் வாங்கி, வீட்டின் மேற்குச் சுவரில் வெளியேயும், ஜன்னலுக்குத் தூரமான மூலையில் உள்ளேயும் மூன்றடிக்கு மூன்றடி அடித்துவையுங்கள். காய்ந்த பின் காலையில், மேகம் மூடிய பிற்பகலில், இரவு விளக்கில் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு வெளிச்சுவரில் மூன்று கட்டத்திலும் கை வைத்துப் பாருங்கள். அதன் பிறகு கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் போய் பெரிய டப்பா வாங்கலாம்.